இரண்டு பத்து வளையலும் நண்டுக் கூடும்

கிள்ளான் லிட்டல் இந்தியாவில் என் தையல் கடைக்கும் குமுதாவின் வளையல் கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான் இருக்கிறது. அந்தப் பக்கம் அவள் தும்மினால், இந்தப் பக்கம் நான் மெஷினை நிறுத்தி, "என்ன, சளி பிடிச்சிருச்சா?" என்று கேட்பேன். பதினாறு வருடமாக இப்படித்தான். லோகேஸ்வரிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தெருவில் சொல்லிக்கொள்வார்கள். நீளம்தான், அதற்கென்ன இப்போது? இந்த விஷயத்தில் என் வாயைவிட என் அளவு நாடாதான் அதிகக் கெடுதல் செய்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

குமுதாவுக்கு நாற்பத்தாறு வயது. பக்கத்து ஊரான காப்பார்க்காரி. பள்ளிக்கூடம் முடித்ததும் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்து, ஐந்து வருடம் பெரிசு, நடுத்தரம், சிறிசு என்று கையுறைகளை அளவு பிரித்துப் பெட்டியில் அடுக்கினாள். பிறகு இதே வளையல் கடைக்கு வேலைக்கு வந்தாள். முதலாளியம்மா ஓய்ந்துபோய் மகன் வீட்டோடு போனபோது கடையைத் தானே எடுத்துக்கொண்டாள். ஆக, அவள் வாழ்நாள் முழுக்க மற்றவர்களுடைய கையைப் பார்த்தே பிழைத்தவள்.

அதில் அவளுக்கு ஒரு திமிரும் உண்டு. கடை வாசலில் ஒருத்தி கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொள்ளும்போதே, "இவங்க ரெண்டு ஆறு" என்று சரியான பெட்டியைத் திறந்துவிடுவாள். வளையல் அளவு இரண்டு நாலு, இரண்டு ஆறு, இரண்டு எட்டு, இரண்டு பத்து என்று ஏறிக்கொண்டே போகும். இரண்டு பத்து என்றால் நல்ல அகலமான கை. அவள் தப்பாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. ஆனாலும் எனக்குப் பொறுக்காது.

"கண்ணால அளக்கிறதெல்லாம் ஒரு அளவா? நாடா வெச்சு அளந்து பேசு."

"நாடா வெச்சு அளந்த ரவிக்கையெல்லாம் ஏன்க்கா ஆல்டர் பண்ண திரும்பி வருது?" என்பாள், தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து.

அவளுடைய வீட்டுக்காரர் பரமேஸ்வரன் துறைமுகம் பக்கம் ஒரு கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். நாலு வருடத்துக்கு முன் அந்தக் கிடங்கை மூடிவிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாத மனுஷன். காப்பாரைத் தாண்டி, அலையாத்திக் காட்டுக்குள் ஓடும் ஓர் உப்பாற்றில், பாக் மான் என்ற மலாய்க்காரப் பெரியவர் நண்டு பிடிப்பார். அவரோடு பொழுதுபோக்காகப் போன பரமேஸ், அடுத்த வருடமே ஒரு பழைய பைபர் படகும் நாற்பது நண்டுக் கூடும் வாங்கிவிட்டார்.

கூடு என்றால் பெரிய விஷயமில்லை. கம்பிச் சட்டத்தில் நைலான் வலை போர்த்திய ஒரு பெட்டி. படகுத்துறையில் அதைப் பூபு என்பார்கள். இரண்டு பக்கமும் உள்நோக்கிக் குறுகிப் போகும் வாய் இருக்கும். நடுவில் ஒரு சின்னப் பையில் மீன் தலையைக் கட்டி ஆற்றில் இறக்கிவிட வேண்டியது. வாசனை பிடித்து உள்ளே வந்த நண்டுக்கு வெளியே போக வழி தெரியாது. மறுநாள் தூக்கி, கயிறு போட்டுக் கட்டி, கிள்ளானில் நண்டுக்குப் பேர்போன ஒரு சீனச் சாப்பாட்டுக் கடைக்குக் கொண்டுபோவார். இரண்டு வருடம் நன்றாகத்தான் ஓடியது.

அப்புறம் பொடி நண்டாக ஏற ஆரம்பித்தது. ஒரு கூட்டில் எட்டு நண்டு இருந்தால் ஏழு பொடி. பாக் மான் சொல்லிக்கொடுத்த கணக்கு, உள்ளங்கை அகலத்துக்குக் குறைந்த நண்டை எடுக்கக் கூடாது என்பது. பரமேஸ் அதை மீறமாட்டார். ஒவ்வொன்றாகப் பிடித்து ஆற்றிலேயே வீசுவார். ஆனால் விடியவிடிய ஒரே பெட்டிக்குள் அடைத்துவைத்தால் நண்டு சும்மா இருக்குமா? பெரிசு சிறிசைக் கடிக்கும், சிறிசு பெரிசோடு மல்லுக்கு நிற்கும். தூக்கும்போது பாதி பொடிகள் செத்துக் கிடக்கும். இருக்கிற ஒரு பெரிய நண்டுக்கும் ஒரு கொடுக்கு போயிருக்கும்.

சாப்பாட்டுக் கடை முதலாளியை எல்லாரும் தவுக்கே என்பார்கள். தவுக்கே நல்லவர்தான், ஆனால் கண்டிப்பானவர். கொடுக்கு இல்லாத நண்டைத் தட்டில் வைத்தால் வாடிக்கையாளர் முகத்தைச் சுளிக்கிறார் என்று மூன்று தடவை சொன்னார். நாலாவது தடவை சொல்லவில்லை, நண்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்த வாரம்தான் தெற்குக் கோடியில் இருக்கிற பாசிர் கூடாங்கிலிருந்து கார்த்திகேசுவின் போன் வந்தது. பரமேஸின் பெரியப்பா மகன். அங்கே கொள்கலன் முற்றத்தில் போர்க்லிப்ட் ஓட்ட ஆள் வேண்டுமாம். தங்க இடம் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வரலாம். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால், திங்கட்கிழமை வேலைக்கு ஏற வேண்டும். பரமேஸ் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, மறுநாளே ஒரு பெரிய நீலத் துணிப்பை வாங்கி வந்துவிட்டார்.

அந்தப் பையைக் குமுதா வீட்டுக்குக் கொண்டுபோகவிடவில்லை. தன் கடையில், திரைக்குப் பின்னால் நிறுத்திவைத்தாள். பையின் பிடியில் விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று நான் கத்தரியை எடுத்தேன்.

"வெட்டாதீங்கக்கா," என்றாள். "சீட்டு இருந்தாத்தான் கடையில மாத்திக் குடுப்பான்."

"எதுக்கு மாத்தணும்?"

சும்மாதான் கேட்டேன். எனக்குத் தெரியும். அவர்கள் கல்யாணமான புதிதில் பரமேஸ் கடல் தாண்டிப் பிந்துலுவுக்கு வேலைக்குப் போனவர். போகும்போது குமுதா முழுகாமல் இருந்தாள். பிரியா பிறந்து பதினாலு மாதம் கழித்துத்தான் அப்பனும் மகளும் முகம் பார்த்துக்கொண்டார்கள். வந்த மனுஷன் ஆசையாகக் கையை நீட்டினால், பிள்ளை யாரோ என்று பயந்து வீடே இடிகிற மாதிரி கத்தியிருக்கிறது. பரமேஸ் அன்று முழுக்க வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம். அதை என்னிடம் சொல்லும்போது குமுதா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கடைசியில், "இனி அவரை எங்கயும் அனுப்பமாட்டேன்க்கா" என்று முடித்தாள். அந்தச் சொல் ஆட்டம் காண்கிறது என்பதுதான் இப்போது அவளுடைய கவலை.

அழுது புலம்புகிற ஆள் இல்லை அவள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தாள். மூன்றாம் நாள் காலை பசியாற ரொட்டி சானாய் வாங்கிக்கொண்டு என் கடைக்கு வந்தாள்.

"அக்கா, கூட்டுல உள்ள போறதுக்கு ரெண்டு வழி இருக்கு. வெளிய வர்றதுக்கு ஏன் வழி இல்ல?"

"வெளிய வர வழி இருந்தா அது கூடா? சந்தை."

"சின்னது மட்டும் போற மாதிரி ஒரு ஓட்டை வெச்சா? சின்னதெல்லாம் தின்னுட்டுப் போயிடும். பெரிசு தனியா இருக்கும், சண்டை இருக்காது, கொடுக்கும் போவாது. தவுக்கே வாங்குவாரு. இவரும் இங்கயே இருப்பாரு."

நல்ல யோசனைதான். அங்கேயே நான் வாயை மூடிக்கொண்டு சானாயைத் தின்றிருக்கலாம். "எவ்வளவு பெரிய ஓட்டைன்னு கண்ணால பார்த்துச் சொல்லிடாதே, நான் அளந்து தரேன்" என்று நாடாவை எடுத்துவிட்டேன்.

பரமேஸ் ஒரு வாளியில் நண்டு கொண்டுவந்தார். இதற்குமேல் இருந்தால் எடுக்கலாம், இதற்குக் கீழே விட வேண்டும் என்கிற மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்தார். ரவிக்கைக்கு முதுகு அளக்கிற மாதிரி, இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள் வரை, நண்டின் முதுகை நீட்டி அளந்தேன். ஒன்பது சென்டிமீட்டர் சொச்சம். "ஒன்பது," என்றேன் நீதிபதி தீர்ப்புச் சொல்கிற தோரணையில். குமுதா நண்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். "அவ்வளவு பெரிசாவா?" என்று இழுத்தாள். "நாடா பொய் சொல்லாது" என்று அவள் வாயை அடைத்தேன்.

பரமேஸ் தண்ணீர்க் குழாயை ஒன்பது சென்டிமீட்டர் வாய்க்கு வளையம் வளையமாக அறுத்தார். நாற்பது கூட்டிலும் கட்டினார். பத்தில் கட்டிப் பார்க்கலாம் என்றவரை, எல்லாவற்றிலும் கட்டச் சொன்னதும் நான்தான்.

ஐந்து நாளில் நாற்பது கூட்டுக்கும் சேர்த்து மூன்று நண்டு கிடைத்தது. அதில் ஒன்று வெளியே போக மனமில்லாமல் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது என்றார் பரமேஸ். சிறிசும் போயிற்று, பெரிசும் போயிற்று. தின்ற மீன் தலைதான் மிச்சம். பாக் மான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். பரமேஸ் சிரிக்கவில்லை. எல்லா வளையத்தையும் அறுத்தெறிந்து, ஓட்டைகளைத் தைத்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குப் பஸ் டிக்கெட் வாங்கிவிட்டார்.

என்னை ஒரு சொல் திட்டியிருந்தால் தேவலை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் திட்டவில்லை. எனக்கோ சோறு இறங்கவில்லை. அன்றைக்கு நான் வெட்டிய இரண்டு ரவிக்கையும் தப்பாகப் போயின.

தீபாவளி நெருக்கம். தெரு முழுக்க ஜனம், பாட்டுச் சத்தம், முறுக்கு வாசனை. நாளைக்கே வேண்டும் என்று துணியைத் தூக்கிக்கொண்டு வருகிற பெண்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் புதன்கிழமை வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு ஒரு பட்டு ரவிக்கையோடு போராடிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம், பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொம்யூட்டர் ரயில் ஏறி வந்திருந்த ஓர் ஆன்டிக்குக் குமுதா வளையல் போட்டுக்கொண்டிருந்தாள். ஆன்டிக்கு நல்ல அகலமான கை. அவருக்குப் பிடித்துப்போன வளையலோ இரண்டு எட்டு.

"பத்தாதும்மா இது, என் கை பலகை மாதிரி," என்கிறார் ஆன்டி.

"பத்தும் ஆன்டி. கட்டை விரலை உள்ள மடக்குங்க. இன்னும். கையை ஒருக்களிச்சுக் குடுங்க. அவ்ளோதான்."

பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி அதன்மேல் வளையலைத் தள்ளுவது அவள் பழக்கம். சரசரவென்று சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

"என்னம்மா, மாட்டிக்கிச்சா?"

நான் எட்டிப் பார்த்தேன். குமுதா ஆன்டியின் கையைப் பிடித்தபடி, பேயடித்த மாதிரி வளையலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! நண்டு எப்படி நடக்கும்?"

குண்டூசியைத் துப்பிவிட்டு, "பக்கவாட்டுல நடக்கும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்லா," என்றேன்.

"அப்ப நீங்க ஏன் முதுகை அளந்தீங்க?"

கழுத்தில் தொங்கிய நாடாவைக் கழற்றிக் கீழே வைத்தேன். நண்டு வாசலுக்கு நேராக முதுகைக் காட்டிக்கொண்டா போகும்? ஒரு பக்கத்துக் காலை முதலில் நீட்டி, ஒருக்களித்து நுழையும். அப்படி நுழைகிற நண்டுக்கு முதுகின் அகலம் எதற்கு? முகத்திலிருந்து பின்புறம் வரைக்குமான நீளம்தான் கணக்கு. அது அகலத்தில் முக்கால்கூட வராது. பிள்ளை போகிற வாசல் கேட்டதற்கு நான் யானை போகிற வாசல் கொடுத்திருக்கிறேன்.

"கை பலகையா இருந்தாலும் பலகையாவா போவுது? மடங்கித்தானே போவுது ஆன்டி!" என்று குமுதா அந்த ஆன்டியைக் கட்டிப்பிடிக்காத குறை. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு டஜன் கேட்டு வந்தவர், இரண்டு டஜன் வாங்கிக்கொண்டு சிரித்தபடி போனார்.

மறுநாள் பரமேஸ் மீண்டும் ஒரு வாளி நண்டு கொண்டுவந்தார். கேட்டதற்காகக் கொண்டுவந்தாரே ஒழிய முகத்தில் நம்பிக்கை இல்லை. விட வேண்டியதை இடதுபுறமும் எடுக்க வேண்டியதை வலதுபுறமுமாக ஒரு துணியில் அடுக்கினார். எல்லாம் கயிறு கட்டிய நண்டுகள், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று நகர்ந்து வந்து, ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைத் துணியைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. அதைப் பிரிப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. அந்தப் பெண் இதைப் படிக்கமாட்டாள் என்று நம்புகிறேன்.

குமுதா வளையல்களை எடுத்து நண்டுகளுக்குப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். வேறெப்படிச் சொல்வது, போட்டுத்தான் பார்த்தாள். ஒரு பக்கமாகத் திருப்பி, மெதுவாகத் தள்ளினாள். இரண்டு ஆறில் குட்டிகள் மட்டும் போயின. இரண்டு எட்டில் இன்னும் கொஞ்சம். இரண்டு பத்தை எடுத்தாள். இடதுபுறத்து நண்டுகள் ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு போயின. வலதுபுறத்தில் ஒன்றுகூடப் போகவில்லை. நடுவில் சந்தேகமாக ஒன்று இருந்தது. அது பாதி தூரம் போய்த் திணறி, கடைசியில் போய்விட்டது. பரமேஸ் குனிந்து அதை எடுத்துப் பார்த்தார்.

"இது இன்னும் ஒரு தடவை ஓடு கழட்டணும். விட வேண்டியதுதான்," என்றார். அவர் குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

இரண்டு பத்தில் வளையலுக்குப் பஞ்சமில்லை. போன வருடம் ஒரு கல்யாண வீட்டார், வருகிற பெண்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டும், யார் கைக்கும் பத்தாமல் போகக் கூடாது என்று இரண்டு பத்தில் மூன்று பெட்டி கேட்டார்கள். பிறகு மனம் மாறி லட்டு கொடுத்துவிட்டார்கள். கிளிப்பச்சை நிறத்தில் தடித்த பிளாஸ்டிக் வளையல்கள். யாரும் சீந்தாமல் பரணில் கிடந்தன. பிளாஸ்டிக் என்பதால் உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்கிற பயமும் இல்லை.

"இருபது கூட்டுல மட்டும் வைங்க," என்றாள் குமுதா. "மத்த இருபது அப்படியே இருக்கட்டும். பக்கத்துல பக்கத்துல போடுங்க. எது எப்படின்னு கண்ணால பார்த்துக்கலாம்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான்," என்றார் பரமேஸ். "டிக்கெட் வாங்கியாச்சு. கார்த்திகேசு அங்க ஆள் வருதுன்னு சொல்லி வெச்சிருக்கான். அவன் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

வளையலை வலையில் எப்படிப் பொருத்துவது என்ற கேள்வி வந்தது. கம்பியால் கட்டினால் வலை அறுக்கும், பசை தண்ணீரில் நிற்காது. இங்கேதான் எனக்குப் பாவத்தைக் கழுவ ஒரு வழி கிடைத்தது. வலையை வட்டமாக வெட்டி, வளையலை வைத்து, நைலான் நூலால் சுற்றிலும் காஜா எடுத்தேன். சட்டைப் பித்தான் துளைக்கு எடுக்கிற அதே காஜாதான், கொஞ்சம் முரட்டு அளவில். வியாழன் மத்தியானத்திலிருந்து வெள்ளி மத்தியானத்துக்குள் இருபது கூட்டுக்கும் எடுத்துக் கொடுத்தேன். ரவிக்கை கேட்டு வந்தவர்களையெல்லாம் நாளைக்கு வாருங்கள் என்று விரட்டினேன். இழுத்துப் பார்த்த பரமேஸ், "இது கூடு இத்துப்போனாலும் பிரியாதுக்கா," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

முதல் கூட்டில் வளையலை நான் நடுப்பக்கத்தில் வைக்கப் போனேன். குமுதா கையைத் தட்டிவிட்டாள். "கீழ வைங்கக்கா, தரையோட. அது நடந்து போற ஜீவன். சன்னல் மாதிரி வெச்சா யாரு ஏறிக் குதிப்பா?"

சனிக்கிழமை பரமேஸ் நாற்பது கூட்டையும் ஆற்றில் இறக்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை குமுதா கடையைத் திறக்கவில்லை. தீபாவளிக்கு முந்தின ஞாயிறுகளில் ஒன்றை விடுவது என்றால் எங்கள் தெருவில் பைத்தியம் என்பார்கள். நானும் விட்டேன். பரமேஸ் ஓட்டிய காடியில் நான், குமுதா, பிரியா மூன்று பேரும் படகுத்துறைக்குப் போனோம். பிரியாவுக்குப் பதினைந்து வயது. அந்த நீலப் பை காடியின் பின்னால் இருந்தது. சாயங்காலம் அப்படியே பஸ் நிலையத்தில் இறக்கிவிடலாம் என்று பரமேஸ் எடுத்துப் போட்டிருந்தார்.

எனக்குப் படகு என்றால் பயம். இருந்தும் ஏறினேன். பாக் மான் அவருடைய படகில் பின்னாலேயே வந்தார், வேடிக்கை பார்க்க. தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. முதல் மிதவையைப் பிடித்துப் பரமேஸ் இழுத்தார். வளையல் வைத்த கூடு.

காலி. ஒரு நண்டில்லை.

பரமேஸ் அதைப் படகில் வைத்தார். பாக் மான் இந்தத் தடவை சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. குமுதா மட்டும் கூட்டை மடியில் இழுத்துவைத்துப் பார்த்தாள். இரை கட்டிய பையில் மீன் தலை எலும்பாகக் கிடந்தது. கிளிப்பச்சை வளையலில் சுற்றிலும் சேறு அப்பியிருந்தது, உள்பக்கம் கீறல் கீறலாக இருந்தது.

"வந்திருக்கு, தின்னிருக்கு, போயிருக்கு," என்றாள். "பெரிசு எதுவும் வரல, அவ்வளவுதான். அடுத்ததைத் தூக்குங்க."

அடுத்தது வளையல் இல்லாத கூடு. உள்ளே ஒரே பொடிக் கூட்டம். மூன்று செத்திருந்தன. ஒரு பெரிய நண்டு ஒற்றைக் கொடுக்கோடு மூலையில் ஒடுங்கியிருந்தது. அதற்கடுத்தது வளையல் கூடு. பரமேஸ் இழுக்கும்போதே கை கனத்தில் தாழ்ந்தது. இரண்டு நண்டு, ஒவ்வொன்றும் என் கை விரித்த அகலம். நாலு கொடுக்கும் முழுசாக இருந்தன.

ஒவ்வொன்றாகத் தூக்கத் தூக்க, பிரியா எண்ணிக்கொண்டு வந்தாள். வளையல் வைத்த இருபது கூட்டில் இருபத்து மூன்று பெரிய நண்டு, எல்லாம் கொடுக்கோடு. பொடி என்று பார்த்தால் இரண்டே இரண்டு, அதுவும் வெளியே போகிற வழியில் இருந்தன. பழைய இருபதில் பெரிசு பதினாலு, அதில் ஆறு ஊனம். பொடிகளைப் பிரியாவால் எண்ண முடியவில்லை. அவற்றைப் பொறுக்கி வீசவே முக்கால் மணி நேரம் ஆனது.

பாக் மான் படகைப் பக்கத்தில் கொண்டுவந்து, ஒரு கூட்டை வாங்கி, வளையலுக்குள் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தார். என் காஜாவையும் தடவினார். "இனி கெலாங் சியாப்பா பூன்யா?" என்று கேட்டார். யாருடைய வளையல் என்று கேட்கிறார். பரமேஸ் குமுதாவைக் காட்டினார். பெரியவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தன் அறுபது கூட்டுக்கும் வேண்டும் என்றார். அவர் தம்பி மகனுக்கும் நாற்பது வேண்டுமாம்.

நாங்கள் நேராகச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். தவுக்கே சமையலறை வாசலில் வைத்து ஒவ்வொரு நண்டாக எடுத்து, திருப்பி, கொடுக்கைப் பார்த்து, வயிற்றை அழுத்திப் பார்த்தார். எங்களுக்கெல்லாம் வியர்த்துக் கொட்டியது. கடைசி நண்டையும் தொட்டியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். சிரிக்கவில்லை, பாராட்டவில்லை. பரமேஸைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏசோக் அடா?"

நாளைக்கு இருக்கா என்று கேட்கிறார். கேட்பது நண்டைத்தான். நாளைக்குக் காலையில் பரமேஸ் பாசிர் கூடாங்கில் போர்க்லிப்ட் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் சட்டைப் பையில் டிக்கெட் துருத்திக்கொண்டிருந்தது. பரமேஸ் குமுதாவைப் பார்த்தார். எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று குமுதா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிரியா அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். பிடித்திருப்பது அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

"அடா," என்றார் பரமேஸ். "ஹாரி-ஹாரி அடா."

நாளைக்கு மட்டுமல்ல, தினமும் இருக்கும் என்று சொல்லிவிட்டார். பிந்துலு கதையைச் சிரித்துக்கொண்டே சொன்ன குமுதா, முகத்தைத் திருப்பி மீன் தொட்டியைப் பார்க்கிற மாதிரி நின்றாள். தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் போய் நின்று தவுக்கேயிடமிருந்து அவளை மறைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்கும் மறைப்பு தேவைப்பட்டது.

கார்த்திகேசு போனில் கொஞ்ச நேரம் கத்தினான். பிறகு நண்டு எப்போது அனுப்பிவைப்பாய் என்று கேட்டு வைத்துவிட்டான்.

மறுநாள் மத்தியானம், அன்றைய நண்டைத் தவுக்கே கடையில் போட்டுவிட்டு, பரமேஸ் அந்த நீலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் கடை வாசலில் வந்து நின்றார். எனக்குப் பகீரென்றது.

"என்ன தம்பி, புறப்பட்டுட்டியா?"

"ஆமாக்கா, துறைக்கு," என்று பையைத் திறந்து காட்டினார். காலியாக இருந்தது. "பாக் மான் காத்துக்கிட்டு இருக்காரு. இருக்கிற ரெண்டு பத்தையெல்லாம் இதுல போடச் சொல்லுங்க. நீங்களும் நூலை எடுத்துக்கிட்டு வரணுமாம். அந்தத் தையல்காரம்மா இல்லாம வளையல் வேணாம்னுட்டாரு."

குமுதா பரணிலிருந்து மூன்று பெட்டியையும் இறக்கிக் கிளிப்பச்சை வளையல்களைப் பைக்குள் கொட்டினாள். மழை பெய்கிற சத்தம் கேட்டது. பை வாய் வரைக்கும் நிறைந்தது. பரமேஸ் அதைத் தூக்கியபோது, பிடியில் அந்த விலைச்சீட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. குமுதா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வெட்டுங்கக்கா," என்றாள்.

நான் கத்தரியை எடுத்தேன்.